சாம்பல் நாரையின் மூடி

தோண்டிய குழியை மூடும்போது அடியில் அந்த வருடத்து நாணயம் ஒன்றைப் போட்டுவைப்பது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். பெரிய நாணயமெல்லாம் வேண்டாம், ஒரு குரோனா போதும். பின்னால் வேறொருவர் வந்து அதே இடத்தைத் தோண்டினால், இது பழைய மண் அல்ல, இன்ன வருடத்தில் இன்னொருவன் கை வைத்த மண் என்று அந்த நாணயம் சொல்லிவிடும். கடலுக்கு அடியில் தோண்டினாலும் அதேதான். நாணயம், அதன் மேல் சாம்பல்நிறத் துணி, துணிக்கு மேல் மணல். நமக்குப் பிறகு வருகிறவரை ஏமாற்றக் கூடாது என்கிற மரியாதை அது.

நீங்கள் எடுத்த எடுப்பிலேயே அதைப் பற்றிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. உங்களுக்கு முன்னால் விசாரிக்க வந்தவர் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். தூவா கடைசியாக என்ன சொன்னாள் என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. அதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் கடைசியில். எதையும் வரிசையாகச் செய்துதான் எனக்குப் பழக்கம்.

என் பெயரும் வேலையும் உங்களுக்குத் தெரியும். ஸிக்ஸ்டன் ப்ரோலுண்ட், நீரடித் தொல்லியல் ஆய்வாளன். ஓலாண்ட் தீவுக்குக் கிழக்கே மூழ்கிக் கிடக்கும் 'சாம்பல் நாரை' என்ற போர்க்கப்பலைப் பத்தொன்பது கோடைகளாக அளந்து வருகிறேன். படகில் டைவ் தலைவனும் நான்தான். யாராவது ஒருவர் நீருக்குள் இருக்கும்வரை படகில் டைவ் தலைவர் சொல்வதுதான் சட்டம். மேலதிகாரியே படகில் இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. உயிர்கள் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒரே ஒரு குரல்தான் இருக்க வேண்டும்.

கப்பலின் கதையை இங்கே பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். டேனிஷ்காரர்கள் நான்கு பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். கொடியை இறக்கச் சொன்னார்கள். கேப்டன் நில்ஸ் பிராந்தெ தன் ஆட்களைப் பார்த்து, போக விரும்புகிறவர்கள் படகில் ஏறிப் போகலாம் என்றார். ஒருவனும் போகவில்லை. எல்லோரும் சேர்ந்து பிரார்த்தனைப் பாடல் பாட, கேப்டன் தன் கையாலேயே வெடிமருந்து அறைக்குத் தீ வைத்தார். துறைமுகத்தில் அவர் சிலை நிற்கிறது, கையில் தீப்பந்தத்தோடு. ஆண்டுதோறும் நடுக்கோடை விழாவில் அதற்கு மாலை போடுகிறவன் நான்.

அந்தக் கதையில் ஒரே ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அது எனக்கு இரண்டாவது கோடையிலேயே தெரியும்.

வெடித்ததில் கப்பலின் முன்பாதிதான் போனது. பின்பாதி முழுசாக இருக்கிறது. எங்கள் கடலில் உப்பும் குறைவு, மரத்தைத் தின்கிற புழுவும் கிடையாது. நேற்று இழைத்த பலகை மாதிரி அப்படியே கிடக்கும். நடுத்தளத்தில், கீழ்த்தளத்துக்கு ஏணி இறங்கும் வாசல் ஒன்று இருக்கிறது. அதற்குக் கனமான ஓக் மரத்தில் ஒரு மூடி. அந்த மூடியைச் சுற்றிலும் ஆணித்துளைகள். இரும்பு துருப்பிடித்துக் கரைந்து போயிருந்தது. துளையும் துருக்கறையும் மட்டும் மிச்சம். மேலே நின்றுகொண்டு ஒருவர் அடித்த ஆணிகள் அவை. கீழே ஆட்கள் இருந்தார்கள்.

எனக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றும் இருக்கவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பயந்துபோன இருநூறு பேர் ஏணியில் முண்டியடித்துக்கொண்டு வருகிறார்கள். மேலே வந்தால் முதல் வேலையாகக் கொடியை இறக்குவார்கள். கேப்டனுக்குக் கப்பல் முக்கியம், அவர்களுக்கு உயிர் முக்கியம். பயந்தவர்களின் ஓட்டெடுப்பில் கப்பலை நடத்த முடியாது. ஆணி அடிப்பது கொலை அல்ல, அது ஓர் உத்தரவு. ஆனால் துறைமுகத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு சிலையை அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? மூடியின் மேல் துணி விரித்து மணல் மூட்டைகளை அடுக்கினேன். பலகை இற்றுப்போயிருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றேன். அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் ஒருவரும் போகவில்லை. டைவ் தலைவர் சொன்னால் சொன்னதுதான்.

தூவா ஏக்மார்க் எங்களோடு சேர்ந்தது போன வருடம். முப்பது வயது தாண்டியவள், வடக்கே ஊமியோ நகரத்துப் பக்கத்துப் பெண். நல்ல டைவர். கை சுத்தம், அளவு சுத்தம். அவளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று, ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மூடிக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்றால், ஏன். பலகை இற்றுப்போயிருக்கிறது என்றால், எப்போது பார்த்தீர்கள்.

படகோட்டி ரூரிக் அவளுக்கு நேர் எதிர். விலாங்கு பிடித்துக்கொண்டிருந்தவன். விலாங்கு குறைந்துபோன பிறகு படகை எங்களுக்கு வாடகைக்கு விட்டான். நீச்சல்கூட ஒழுங்காகத் தெரியாது. என்னை அவன் தலைவரே என்றுதான் கூப்பிடுவான், பாதி கிண்டலும் பாதி மரியாதையுமாக. தினமும் காலையில் நான் உடையை மாட்டிக்கொள்ளும்போது அதே வசனத்தைச் சொல்வான்.

"தலைவரே, கீழ இருக்கறவங்க முந்நூறு வருஷமா காப்பி இல்லாமக் கெடக்கறாங்க. நீங்களாவது ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

அதற்குத் தினமும் அவனே சிரிப்பான்.

செப்டம்பரில் ஒரு பெரும் புயல் வந்தது. கடல் தெளிந்த பிறகு இறங்கியபோது மணல் மூட்டைகள் உருண்டு, துணி கிழிந்து கிடந்தது. அன்று அந்தப் பகுதியில் இறங்கியது தூவா. மேலே வந்து, உடையைக்கூடக் கழற்றாமல், சமையல் மேடைக்கு எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தாள். ரூரிக் ரொட்டியில் ஹெர்ரிங் மீனை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த மூடியில ஆணி எந்தப் பக்கத்துலேருந்து அடிச்சிருக்குன்னு நீங்க பாத்திருக்கீங்களா ஸிக்ஸ்டன்?" என்றாள்.

பார்த்ததில்லை என்றேன்.

"மேலேருந்து. பலகை இற்றும் போகல, ஒண்ணும் போகல. கல்லு மாதிரி இருக்கு." பிறகு ஒரு மிடறு காப்பி குடித்துவிட்டுச் சொன்னாள்: "உங்க கேப்டன் சிலை கையில தீப்பந்தம் குடுத்திருக்காங்க. சுத்தியலத்தானே குடுத்திருக்கணும்?"

ரூரிக் சிரித்தான். சாதாரணச் சிரிப்பு இல்லை, காப்பி மூக்கில் ஏறிவிட்டது. மேசையைத் துடைத்துக்கொண்டே மறுபடியும் சிரித்தான். பத்தொன்பது வருடம் என்னோடு இருந்தவன்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நானும் சிரித்தேன். சரி தூவா, பருவம் முடியும் கடைசி நாளன்று நாம் இருவரும் இறங்கி மூடியைத் தூக்கிப் பார்க்கலாம், அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம், அரைகுறையாகச் சொன்னால் பத்திரிகைக்காரர்கள் நாறடித்துவிடுவார்கள் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. என்னைத் தப்பாக நினைத்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக்கூடக் கேட்டாள்.

கடைசி நாளைக்கு முன்தினம், எங்களோடு கோடைப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர்கள் இருவரையும் ஊருக்கு அனுப்பிவைத்தேன். பாவம், வீட்டு நினைப்பாக இருந்தார்கள். விதிப்படி இன்னொரு டைவர் படகில் தயாராக இருந்திருக்க வேண்டும். கடைசி நாளன்று இல்லை. அதை என் தவறாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி இருந்தது. முதலில் கப்பலின் பின்முனையில் அந்தக் கோடையில் தோண்டிய குழியை மூடினோம். நாணயத்தைத் தூவாவிடம் கொடுத்து அவளையே போடச் சொன்னேன். இந்த நாட்டில் இப்போதெல்லாம் யார் பையிலும் நாணயம் இருப்பதில்லை, ரொட்டி வாங்கக்கூட கைபேசியைத்தான் நீட்டுகிறார்கள். நாணயம் சேர்க்கிற நண்பர் ஒருவர் கால்மார் நகரில் இருக்கிறார், ஒவ்வொரு வசந்தத்திலும் அவரிடம் புதிதாக வாங்கி வைத்துக்கொள்வேன். அன்று காலை என் பையில் இரண்டு இருந்தன. ஏன் இரண்டு என்று கேட்காதீர்கள், ஒன்று கைதவறி விழுந்துவிட்டால் இன்னொன்று வேண்டாமா.

பிறகு மூடிக்குப் போனோம். அதன் வளையத்தில் கயிறு கட்டி, கயிற்றில் தூக்குப் பையைக் கட்டினோம். பைக்குள் காற்றை விட்டால் பலூன் போல உப்பி எடையைத் தூக்கும். பையின் உச்சியில் ஒரு வால்வு, அதை இழுத்தால் காற்று வெளியேறிவிடும். மூடி ஆடி அசைந்து எழும்பி நின்றது. தூவா விளக்கைப் பிடித்துக்கொண்டு ஏணி வழியாகத் தலைகீழாக உள்ளே போனாள். நான் வெளியே, வால்வுக் கயிற்றைப் பிடித்தபடி.

முகமூடிக்குள்ளேயே பேசும் கருவி இருக்கிறது. கீழே பேசுவது எங்கள் இருவருக்கும் கேட்கும், மேலே ரூரிக்கின் பக்கத்தில் இருக்கும் பெட்டியிலும் கேட்கும்.

"எல்லாரும் ஏணிக்கு அடியிலேயே கெடக்கறாங்க," என்றாள். "ஒருத்தர் மேல ஒருத்தர். மத்த எடமெல்லாம் காலி. ஸிக்ஸ்டன், மூடியோட அடிப்பக்கத்த வெளிச்சம் போட்டுப் பாருங்க. சொறண்டியிருக்காங்க. வெறும் நகத்தால."

பார்த்தேன். எனக்குப் புதிதல்ல, இரண்டாவது கோடையிலேயே தனியாகத் தூக்கிப் பார்த்ததுதான்.

அவள் அழ ஆரம்பித்தாள். முகமூடிக்குள் அழுதால் கண்ணாடி மங்கிவிடும், அழாதே என்றேன். டைவ் தலைவர் என்கிற முறையில் அதைச் சொல்ல வேண்டியது என் கடமை. சரி என்றாள். அப்புறம், இதை எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும், இத்தனை பேருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றாள்.

வால்வை இழுத்தேன்.

மூடி சட்டென்று விழவில்லை. நீருக்குள் எதுவும் சட்டென்று விழாது. ஆறஅமர இறங்கியது. அவள் வெளிச்சம் அசைவதைப் பார்த்துத் திரும்பி, இடது கையை விளிம்பில் வைத்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. விரல்கள் நடுவில் மாட்டியதால் மூடி சரியாகப் பொருந்தவில்லை. முழங்காலை வைத்து அழுத்த வேண்டியிருந்தது. கறுப்புக் கையுறையின் இரண்டு விரல் மட்டும் வெளியே இருந்தன. எலும்பு முறிகிற சத்தம் நீரில் நன்றாகக் கேட்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. கத்தியின் பிடியால் தட்டினேன். உள்ளே போய்விட்டன. மூடி உட்கார்ந்தது. அதன் மேல் நான் உட்கார்ந்தேன்.

அவளை நான் அடித்தேன் என்று பத்திரிகையில் வந்திருப்பதாகச் சொன்னீர்கள். அடிக்கவில்லை. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அவள் அலறியது பெட்டி வழியாக மேலே போயிருக்கும். ரூரிக்கின் குரல் உடனே வந்தது.

"தலைவரே, என்ன ஆச்சு? பொண்ணு கத்தறா."

"மூடி விழுந்துடுச்சு. தூக்கப் பாக்கறேன். நீ பதறாத."

"கரைக்காவலைக் கூப்பிடட்டுமா?"

"நான் சொல்லாமக் கூப்பிடாத."

"சரி தலைவரே."

கூப்பிடவில்லை. அவன் கூப்பிட்டிருந்தால் ஹெலிகாப்டர் வந்திருக்கும், நானும் மூடியைத் தூக்கித்தான் ஆக வேண்டியிருந்திருக்கும். அப்போது இதை ஒரு விபத்து என்று சொல்லி நாம் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்போம். அதனால் ரூரிக்கையும் இந்த வழக்கில் ஒரு கூட்டாளியாகத்தான் நான் பார்க்கிறேன். உங்கள் முகம் போகிற போக்கைப் பார்த்தால் நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிகிறது.

முதலில் அவள் கையால் தட்டினாள். பிறகு முதுகைக் கொடுத்து முட்டினாள். பிறகு முதுகில் இருந்த காற்று உருளையைக் கழற்றி அதன் அடிப்பாகத்தால் இடிக்க ஆரம்பித்தாள், குழாய் முகமூடியிலிருந்து கழன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு. புத்திசாலிப் பெண். ஒவ்வொரு இடியும் என் முதுகெலும்பு வரை ஏறியது. பக்கத்தில் கிடந்த மணல் மூட்டைகளை இழுத்து மூடியின் மேல் போட்டேன். கேப்டனிடம் ஆணி இருந்தது. என்னிடம் மூட்டைகள் இருந்தன. அப்படி உட்கார்ந்திருந்தபோது அவரைப் பற்றித்தான் யோசித்தேன். அவரும் இந்த மரத்தின் வழியாக இதே இடிகளை உணர்ந்திருப்பார், காலடியில். அவரை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் இந்த நாட்டில் யாரும் இல்லை.

இடையிடையே அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அதற்குக் கடைசியில் வருகிறேன் என்றேன் அல்லவா.

இடிப்பது நின்ற பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு விதிப்படி மெதுவாக மேலே ஏறினேன். அவசரப்பட்டு ஏறினால் ரத்தத்தில் காற்றுக்குமிழி சேரும், மூட்டெல்லாம் முடங்கிப்போகும். ரூரிக் வழக்கம்போல ஏணியருகே நின்று கை கொடுத்தான். துடுப்புச் செருப்பைக் கழற்றினான். உருளையை முதுகிலிருந்து இறக்கினான். செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தான். முகம் மட்டும் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது.

"தலைவரே," என்றான், "அவ உங்க பேரச் சொல்லிச் சொல்லிக் கேட்டா. நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

அவன் அக்குளில் வானொலியின் ஒலிவாங்கி இடுங்கியிருந்தது. அதன் சுருள் கம்பி படகுத் தளம் வரை இழுபட்டிருந்தது. அவ்வளவு நேரமும் அதைக் கீழே வைக்காமலே நின்றிருக்கிறான்.

"இப்பவாவது கூப்பிடட்டுமா?" என்று கேட்டான்.

நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவன் மேல் பிரியம் பொங்கியது. கூப்பிடு என்றேன். அவன் திரும்பிக் குனிந்தான். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டியிருந்த பட்டையில் இருந்து ஒரு ஈயக் கட்டியை உருவி, பிடரிக்கு மேலே அடித்தேன். ஒரே அடியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன், தொப்பி இருந்தது. முழந்தாளிட்டு உட்கார்ந்து, திரும்பிப் பார்த்து, தலைவரே என்றான். அதில் அன்று கிண்டல் இல்லை. பிறகு தொப்பியை எடுத்துவிட்டு அடித்தேன். மண்டை ஓடு உள்ளே இறங்கும்வரை அடிக்க வேண்டியிருந்தது. அவன் பல் ஒன்று படகுத் தளத்தில் கிடந்தது. கால்கள் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தன.

ரத்தத்தைக் குளிர்ந்த நீரில்தான் கழுவ வேண்டும். வெந்நீர் ஊற்றினால் மரத்தில் ஒட்டிக்கொள்ளும். கடல் நீர்க்குழாயைத் திறந்துவிட்டு தளம் முழுவதையும் கழுவினேன்.

இரண்டு டைவுக்கு நடுவில் ஓய்வெடுத்தாக வேண்டும். அதனால் சமையல் மேடைக்கு எதிரே உட்கார்ந்தேன். ரூரிக் எனக்காகக் காப்பியை ஃப்ளாஸ்கில் ஊற்றி, இலவங்கப்பட்டை ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தான். குடித்தேன், தின்றேன். பசி இருந்தது. பெட்டியில் பதிவாகியிருந்த பேச்சையெல்லாம் அழித்தேன். ஓய்வு நேரம் முடிந்ததும் புது உருளையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். உதவிக்கு ஆள் இல்லாததால் உடையின் பின்பக்க ஜிப்பைப் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூடியைத் தூக்கினேன். அவள் ஏணியின் மேல்படியில், மூடியோடு ஒட்டி இருந்தாள். கையுறை கழன்றிருந்தது. வலது கை நகங்களில் மூன்று இல்லை, இடது கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கீழே இறக்கி, அந்த மனிதர்களுக்குப் பக்கத்திலேயே மண்ணை ஒதுக்கிப் படுக்க வைத்தேன். யார் எலும்பையும் நான் கலைக்கவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டேன். துணியை விரித்தேன். மணலைப் போட்டு மட்டப்படுத்தினேன். துணிக்கு அடியில் நாணயத்தை வைத்தது எப்போது என்று எனக்கே சரியாக நினைவில்லை. கை பாட்டுக்கு வைத்திருக்கிறது. பத்தொன்பது வருடக் கை.

பிறகு ரூரிக்கை நீரில் விட்டேன். கரைக்காவலைக் கூப்பிட்டேன். குரல் நடுங்கியது, குளிரில் அப்படித்தான் நடுங்கும். தூவா நீரோட்டத்தில் காணாமல் போய்விட்டாள், உதவி செய்யப்போய் ரூரிக் ஏணியில் மண்டையை இடித்துக்கொண்டு விழுந்துவிட்டான் என்றேன். ரூரிக் இரண்டு நாளில் தீவின் கரையில் ஒதுங்கினான். தூவாவைத் தேடும் பணிக்கு யார் தலைமை தாங்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கடலடியை என்னைவிட அறிந்தவர் யார் இருக்கிறார்கள்? வடகிழக்கே தேடச் சொன்னேன். தேடினார்கள்.

ஊமியோவிலிருந்து அவள் அம்மா வந்திருந்தார். தேடுகிறவர்களுக்கெல்லாம் சூப் கொண்டுவந்து கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களால் முடிந்ததையெல்லாம் செய்தீர்கள், எனக்குத் தெரியும் என்றார். ஆமாம் என்றேன். பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

குளிர்காலத்தில் அருங்காட்சியகத்தில் கப்பலுக்கான புதுக் கூடம் திறந்தார்கள். வாசலில் தூவாவின் படமும் ரூரிக்கின் படமும். நான்தான் பேசினேன். கடமையில் உயிர்விட்டவர்கள் என்றேன், கேப்டன் பிராந்தெயின் ஆட்களைப் போல. பலர் அழுதார்கள். என் கண்ணும் கலங்கியது, அதை நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

வசந்தத்தில் டேனிஷ் ஆய்வாளர்கள் விருந்தாளிகளாக வந்தார்கள். என் உத்தரவு அவர்களுக்குச் செல்லாது. நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் அந்த மூடியைத் திறந்திருக்கிறார்கள். மண்ணுக்கு அடியில் புதுத் துணி. துணிக்கு அடியில் போன வருடத்து நாணயம். அந்தக் கீழ்த்தளத்தில் யாரும் எப்போதும் தோண்டியதே இல்லை என்று பத்தொன்பது கோடைகளாகச் சொல்லிவந்தவன் நான். நாணயத்துக்கு அப்புறம் அவர்கள் இன்னும் கொஞ்சம் மண்ணை விலக்கியிருக்கிறார்கள். கேப்டன் பிராந்தெ டேனிஷ்காரர்கள் கையில் சிக்கக் கூடாது என்று கப்பலையே வெடிக்கவைத்தார். நான் ஒரு குரோனாவை வைத்துவிட்டு அவர்கள் கையிலேயே சிக்கினேன். வேறு எந்தக் கொலைகாரனும் பிணத்தோடு நாணயம் வைக்கமாட்டான் என்று சொன்னீர்கள். நானும் சிரித்துவிட்டேன்.

நீங்கள் காட்டிய புகைப்படத்தில் மூடியின் அடிப்பக்கம் தெளிவாகத்தான் இருக்கிறது. பழைய கீறல்கள் கறுத்திருக்கின்றன, அவற்றுக்கு நடுவே தூவாவின் கீறல்கள் வெளுத்திருக்கின்றன. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் எந்தக் கீறல் எவ்வளவு ஆழம் என்று எப்படிச் சொல்வது? அடுத்த முறை கவனிக்கச் சொல்லுங்கள்.

ஏன் செய்தேன் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்காகச் செய்யவில்லை. முந்நூறு வருடமாகத் தலைநிமிர்ந்து நிற்கிற ஒரு மனிதரின் பெயரை ஒரு பெண் ஒரு வார்த்தையில் கவிழ்க்கப் பார்த்தாள். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேறு வழியிருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன். எந்த நீதிமன்றத்திலும் இதையே சொல்வேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பெட்டியில் இருந்த பதிவை அழித்துவிட்டதால் இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ரூரிக் ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. ஆரம்பத்தில் அவள் கத்தினாள், திட்டினாள், நான் மேலே உட்கார்ந்திருக்கிறேனா என்று கேட்டாள். பிறகு கத்துவதை விட்டாள். மூச்சை மிச்சப்படுத்தி, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல ஸிக்ஸ்டன். சொல்லவும் மாட்டேன். கேமராவ இங்கயே விட்டுட்டு வர்றேன். ஆணியும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. உங்க கேப்டன் கையில தீப்பந்தமே இருக்கட்டும். மூடியத் தூக்குங்க."

தூவாவுக்குப் பொய் சொல்ல வராது. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவளை நான் முழுக்க நம்பினேன். கேப்டனின் பெயருக்கு இனி ஒரு ஆபத்தும் இல்லை என்று மனது லேசாகிவிட்டது. மணிக்கட்டில் நேரத்தைப் பார்த்தேன். அவளிடம் இன்னும் கொஞ்சம் காற்று மிச்சமிருந்தது. அது தீரும்வரை உட்கார்ந்திருந்தேன்.